கூட்டு ஜேர்னல்ல ஏதாவது பிழைச்சா எங்க பாக்கிறது: பிளொக்கர்ல ஆக்களும் செட்டிங்ஸும்

வெள்ளவத்தையில நாங்கள் கொஞ்சப்பேர் சேர்ந்து நடத்திற வாசிப்பு வட்டத்துக்கு கூகிளின்ட இலவச வலைப்பதிவுச் சேவையான பிளொக்கர்ல ஒரு கூட்டு ஜேர்னல், அதாவது பலர் சேர்ந்து எழுதிற வலைப்பதிவு ஒண்டு, இருக்கு. போயா (பௌர்ணமி) லீவில கூடி வாசிச்சதைக் கதைப்பம், பிறகு ஒவ்வொருத்தரும் தங்கட குறிப்பை அதில போடுவினம், புத்தகம் மட்டுமில்ல, பழைய காலி வீதி எப்பிடி இருந்தது, தமிழ்ச் சங்க நூலகத்தில என்ன கிடைச்சுது, அம்மம்மா சொன்ன ஊர்க்கதை எண்டு எல்லாம் போகும். எழுதிற ஆக்கள் கொழும்பு, யாழ்ப்பாணம், லண்டன், ரொறன்ரோ எண்டு சிதறிக் கிடக்கிறதால ஏதும் பிழைச்சா பக்கத்தில இருந்து காட்டிக்குடுக்க ஏலாது, வட்ஸ்அப் கோல்லதான் எல்லாம். அதால எந்த அறிகுறிக்கு எங்க பாக்கோணும் எண்டு ஒரே இடத்தில எழுதி வைக்கிறன். பழைய மாணவர் சங்கம், குடும்பம், கோயில் தொண்டர்கள், ஆர் இப்பிடி ஒண்டை நடத்தினாலும் இது பொருந்தும்.

எந்தப் பிரச்சினைக்கும் முதல் கேள்வி ஒண்டுதான்: இப்ப எந்த ஜீமெயிலுக்குள்ள நிக்கிறீங்க? பிளொக்கர் 2003ல இருந்து கூகிள்ட கையில இருக்கு, அங்கத்துவம் முழுக்க கூகிள் எக்கவுண்டிலதான் தங்கி நிக்குது. ஒரு ஆளுக்கு மூண்டு ஜீமெயில் இருந்தா பிளொக்கருக்கு அது மூண்டு வேற வேற ஆள். எனக்கு வாற முறைப்பாட்டில பெரிய பங்கு இந்த ஒரு கேள்வியோட முடிஞ்சிடுது, அதால கீழ எதை வாசிக்க முதலும் இதைப் பாத்திட்டு வாங்கோ.

இன்னொண்டும் தெரிஞ்சிருக்கோணும். ஜேர்னலுக்குள்ள ரெண்டு தரம்தான் இருக்கு, அட்மின், ஓதர். ஓதர் தான் எழுதினதை மட்டும் திருத்தலாம், அழிக்கலாம். அட்மின் எல்லாற்ற பதிவையும் தொடலாம், செட்டிங்ஸை மாத்தலாம், ஆக்களைச் சேர்க்கலாம், விலத்தலாம், முழு ஜேர்னலையுமே அழிக்கலாம். ஜேர்னலை மூடி வச்சா மூண்டாவதா வாசகர் எண்டு ஒரு பட்டியலும் வரும். எழுதிற ஆக்கள் 100 பேர் வரைக்கும் இருக்கலாம், அது ஒரு வட்டத்துக்குத் தாராளம்.

"இன்விட்டேஷன் வரவே இல்லையே"

அட்மின் ஆள் செட்டிங்ஸுக்குள்ள போய் பர்மிஷன்ஸ் எண்ட பகுதியைப் பாக்கோணும். அங்க இன்னும் ஏற்றுக்கொள்ளாத அழைப்புகள் தனியா கிடக்கும். மெயில் விலாசத்தை ஒவ்வொரு எழுத்தா வாசியுங்கோ, புள்ளி ஒண்டு கூடக்குறைய இருந்தா ஜீமெயில் கணக்கெடுக்காது, ஆனா எழுத்தோ இலக்கமோ மாறினா அது வேற ஆருக்கோ போயிருக்கும். விலாசம் சரி எண்டா ஸ்பாம் பெட்டியைப் பாக்கச் சொல்லுங்கோ. அங்கயும் இல்லாட்டி அந்த அழைப்பை எடுத்துப்போட்டு புதுசா ஒண்டு அனுப்புங்கோ.

வராதது பெரிய பிரச்சினை இல்ல. வந்ததைப் பிழையான எக்கவுண்டால திறக்கிறதுதான் பெரிய பிரச்சினை. லிங்கை அமத்தேக்க பிரவுசர்ல எந்த எக்கவுண்ட் லொக் இன் ஆகி இருக்கோ அந்த எக்கவுண்டுதான் ஜேர்னலுக்குள்ள போய் இருக்கும். எங்கட பெரியாக்கள் கனபேருக்கு போன் வாங்கின கடையிலயே பெடியன் ஒரு ஜீமெயில் போட்டுக் குடுத்திருப்பான், பிறகு மகளோ மகனோ இன்னொண்டு போட்டுக் குடுத்திருப்பினம், எது எதுக்கு எண்டு அவைக்குத் தெரியாது. கோல்ல இப்பிடித்தான் போகும்:

"அன்ரி, மேல வலப்பக்க மூலையில வட்டமா ஒண்டு தெரியுதே, அதை ஒருக்கா அமத்துங்கோ. என்ன மெயில் காட்டுது?"

"இது தம்பி, மகள் வங்கி அலுவலுக்கு எண்டு போட்டுத் தந்தது."

"நீங்க எனக்குத் தந்த மெயில் வேற ஒண்டெல்லோ. அதுக்கு மாறிப்போட்டுத்தான் லிங்கை அமத்தோணும்."

மாறத் தெரியாத ஆளுக்கு லேசான வழி, பிரவுசர்ல இன்கொக்னிட்டோ விண்டோ (பழைய லொக் இன் ஒண்டும் இல்லாத தனி விண்டோ) ஒண்டைத் திறந்து, சரியான ஜீமெயிலால மட்டும் உள்ளுக்குப் போய், மெயிலில இருக்கிற லிங்கை அதுக்குள்ளயே அமத்துறது. ஏற்கனவே பிழையான எக்கவுண்ட் சேர்ந்திட்டுது எண்டா அட்மின் அதை எடுத்துப்போட்டு சரியானதுக்கு அனுப்பினா முடிஞ்சுது.

இதிலயே இன்னொரு எச்சரிக்கை. வந்த அழைப்பு லிங்கை வட்ஸ்அப் குறூப்பில போட்டு "எனக்கு வேலை செய்யேல்ல, ஆராவது பாருங்கோ" எண்டு கேக்கக்கூடாது. முதல் ஆர் அமத்தினமோ அவை ஓதரா உள்ளுக்க வரக்கூடும். அழைப்பு அந்த ஒரு ஆளுக்கு மட்டும்.

"சேர்ந்திட்டன், எழுதியும் போட்டன், ஆனா எங்கட ஜேர்னல்ல காணேல்ல"

இதுக்கு ரெண்டு காரணம்தான் நான் கண்டது. ஒண்டு, பப்ளிஷ் அமத்தாம விட்டது, பிளொக்கர் தானாவே டிராஃப்ட்டா, அதாவது வெளியில தெரியாத வரைவா, சேவ் பண்ணிக்கொண்டிருக்கும், அதால போட்டாச்சு எண்டு நினைச்சிருப்பினம். பதிவுப் பட்டியல்ல டிராஃப்ட் எண்டு பக்கத்தில கிடக்குதா பாருங்கோ.

மற்றது, வேற ஜேர்னல்ல எழுதினது. பிளொக்கருக்குள்ள போனா இடப்பக்கம் மேல ஜேர்னலின்ட பேர் ஒண்டு தெரியும், பக்கத்தில ஒரு சின்ன அம்புக்குறி. அதை அமத்தினா அந்த எக்கவுண்டில இருக்கிற எல்லாம் வரிசையா வரும். முதன்முதல் வாற ஆள் தெரியாம தனக்கெண்டு புதுசா ஒண்டைத் தொடங்கிப்போட்டு அதுக்குள்ளயே எழுதிக்கொண்டிருப்பார், நாங்கள் இங்க காத்துக்கொண்டிருப்பம். பட்டியல்ல ரெண்டு பேர் இருந்தா சரியானதைத் தெரிவு செய்து, பிழையான இடத்தில எழுதினதைக் கொப்பி பண்ணி இங்க ஒட்டினாக் காணும். அந்தத் தனி ஜேர்னலை உடன அழிக்கச் சொல்லாதேங்கோ, அவசரத்தில கூட்டு ஜேர்னலை அழிக்கிற நிலைமை வரக்கூடாது, ஓதருக்கு அந்த உரிமை இல்ல எண்டாலும் அந்தப் பழக்கமே வேண்டாம்.

"மற்றவரின்ட பதிவில எழுத்துப்பிழை இருக்கு, திருத்த விடுதில்ல"

அது பிழை இல்ல, அப்பிடித்தான் செய்து வச்சிருக்கு. ஓதர் மற்றவரின்ட எழுத்தைத் தொட ஏலாது. உடன எல்லாரும் கேக்கிறது "அப்ப என்னையும் அட்மின் ஆக்கிவிடுங்கோவன்" எண்டு. இதில நான் கொஞ்சம் கடுமையாத்தான் நிப்பன். அட்மின் எண்டா முழு அதிகாரம், இடையில திருத்துனர் மாதிரி ஒரு தரம் பிளொக்கர்ல இல்ல, எழுத்துப்பிழை திருத்தக் குடுத்த அதே சாவியால முழு ஜேர்னலையும் அழிக்கலாம், மற்ற அட்மினையே விலத்தலாம். திருத்தம் இருந்தா எழுதின ஆளுக்குச் சொல்லுங்கோ, இல்லாட்டி அட்மினுக்குச் சொல்லுங்கோ, பத்து நிமிஷ வேலை.

ஆனா ஒரே ஒரு அட்மின் எண்டதும் கூடாது. அந்த ஆளின்ட பாஸ்வேர்ட் துலைஞ்சா, போன் களவு போனா, வருத்தமா ஆஸ்பத்திரியில இருந்தா, ஆள் தவறினா, பிறகு ஆருக்கும் செட்டிங்ஸுக்குள்ள போக வழியில்ல. அதோட கூகிள் ரெண்டு வருஷமா பாவிக்காம கிடக்கிற தனிப்பட்ட எக்கவுண்டுகளை அழிக்கிற முறையை 2023 டிசம்பரில இருந்து நடைமுறைக்குக் கொண்டு வந்திட்டுது. ஜேர்னலுக்கெண்டு தனியா ஒரு ஜீமெயில் போட்டு, அதை மட்டும் அட்மினா வச்சிட்டு மறந்து போற ஆக்கள் இதை முக்கியமா கவனிக்கோணும். வேற வேற வீட்டில, முடிஞ்சா வேற வேற நாட்டில இருக்கிற ரெண்டு பேர் அட்மினா இருக்கட்டும். மூண்டாவது ஆள் தேவையில்ல எண்டதுதான் என்ர எண்ணம்.

"லிங்கை அமத்தினா உள்ளுக்கு விடுதில்ல, அனுமதி வேணுமாம்"

வாசிக்கிற ஆள் இப்பிடிச் சொன்னா பர்மிஷன்ஸில ரீடர் அக்செஸ் எண்டதைப் பாருங்கோ. மூண்டு தெரிவு இருக்கு: எல்லாருக்கும் திறந்தது, எழுதிற ஆக்களுக்கு மட்டும், நாங்கள் குறிச்ச வாசகருக்கு மட்டும். ஆராவது "கொஞ்ச நாளைக்கு மூடி வைப்பம்" எண்டு மாத்திப்போட்டு திரும்பத் திறக்க மறந்திருப்பினம். மூண்டாவதில விட்டிருந்தா வாசகரின்ட மெயிலைச் சேர்க்கோணும், அவரும் அந்த மெயிலால லொக் இன் ஆகித்தான் வாசிக்கலாம், சும்மா லிங்கை அமத்தி வாசிக்க ஏலாது. லொக் இன் எண்ட உடன அரைவாசி பெரியாக்கள் வாசிக்கிறதை விட்டிடுவினம், அதையும் யோசிச்சுத்தான் மூடோணும்.

இங்க ஒண்டை விளங்கிக்கொள்ளோணும். பிளொக்கர்ல ஒரு பதிவை மட்டும் பூட்ட வழி இல்ல. முழு ஜேர்னலும் திறந்திருக்கும், இல்லாட்டி முழுக்கப் பூட்டியிருக்கும். குடும்பத்துக்குள்ள மட்டும் இருக்கவேண்டிய ஒரு கதையை ஆராவது எழுதினா அதை டிராஃப்ட்டாவே வச்சிருக்கலாம், ஆனா அப்ப மற்ற ஓதர்மார் வாசிக்க ஏலாது. இப்பிடிப் பதிவுக்குப் பதிவு பூட்டுறதுதான் உங்கட வட்டத்துக்கு முக்கியம் எண்டா வேற இடம் பாக்கிறது நல்லம். வேர்ட்பிரஸ்ஸில ஒரு பதிவுக்கு மட்டும் பாஸ்வேர்ட் போடலாம். லைவ்ஜேர்னல் எண்ட பழைய வலைப்பதிவுத் தளத்தின்ட மென்பொருளை எடுத்து 2009ல திறந்த ட்ரீம்வித் எண்ட இடத்தில கூட்டு ஜேர்னலுக்கு அங்கத்தவருக்கு மட்டும் எண்டு ஒவ்வொரு பதிவையும் பூட்டலாம், ஆக்களைச் சேர்க்கிறதிலயும் திறந்தது, அனுமதி கேட்டு வாறது, மூடினது எண்டு தெரிவு இருக்கு, பதிவை ஒருத்தர் பாத்து விட்ட பிறகுதான் வெளியில வரும் எண்டும் வைக்கலாம். எங்கட ஆக்களுக்கு ஜீமெயில் ஏற்கனவே கையில இருக்கிறதால நாங்கள் பிளொக்கரோடயே நிண்டிட்டம்.

திறந்த ஜேர்னல், ஆனா கூகிள்ல தேடினா வரக்கூடாது எண்டு நினைச்சா செட்டிங்ஸில பிரைவசி எண்ட இடத்தில தேடுபொறிக்குத் தெரியுறதை நிப்பாட்டி விடலாம். லிங்க் தெரிஞ்ச ஆக்கள் வாசிப்பினம். இது பூட்டு இல்ல, லிங்க் கைமாறினா கைமாறினதுதான்.

"பதிவின்ட திகதி ஒரு நாள் முந்திக் காட்டுது"

இது அநேகமான புது ஜேர்னல்ல வரும். பிளொக்கர் தொடங்கேக்க நேர வலயம் அமெரிக்காவின்ட மேற்குக்கரை நேரத்தில கிடக்கும். அது கோடையில எங்களை விட 12 மணித்தியாலம் 30 நிமிஷம் பின்னுக்கு, குளிர்காலத்தில 13 மணித்தியாலம் 30 நிமிஷம். கொழும்பில ஞாயிறு காலமை 8 மணிக்குப் போட்ட குறிப்பு கோடையில சனி பின்னேரம் 7.30 எண்டு விழும். போயாக் கூட்டத்தின்ட குறிப்பு முதல் நாள் திகதியில கிடந்தா பிறகு வருஷக் கணக்கில தேடி எடுக்கேக்க எல்லாம் குழம்பும்.

செட்டிங்ஸில ஃபோர்மட்டிங் எண்ட பகுதிக்குள்ள டைம் சோன் எண்டு இருக்கு, அதில 5.30 கூடின கொழும்பு நேரத்தைத் தெரிவு செய்யுங்கோ. இலங்கை 2006 ஏப்ரலில இருந்துதான் திரும்ப இந்த 5.30க்கு வந்தது, அதுக்கு முதல் பத்து வருஷம் மாதிரி 6 மணித்தியாலம், 1996ல கொஞ்ச மாசம் 6.30 கூட இருந்தது. அந்தக் காலத்து டயறியைத் தட்டி ஏத்திற ஆக்கள் மணியை அப்பிடியே எழுத்தில எழுதி விடுங்கோ, செட்டிங்ஸோட மல்லுக்கட்ட வேண்டாம்.

மாத்தின பிறகு பழைய பதிவு கொஞ்சத்தைத் திறந்து திகதி சரியா எண்டு ஒருக்கா பாருங்கோ. பிழையா இருந்தா பதிவைத் திறந்து, வலப்பக்கத்தில பப்ளிஷ் ஆன திகதி எண்டதில கையால மாத்தலாம். அதே இடத்திலதான் முன்கூட்டியே நேரம் குறிச்சு வைக்கிறதும்.

ரொறன்ரோ அன்ரி கேப்பா, "எனக்கு இன்னும் சனிக்கிழமை, ஏன் ஞாயிறு எண்டு காட்டுது?" எண்டு. நேர வலயம் ஜேர்னலுக்கு ஒண்டுதான், எழுதிற ஆளுக்கு ஒண்டு எண்டு வைக்க ஏலாது. ரொறன்ரோ எங்களை விட கோடையில ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில பத்தரை மணித்தியாலம் பின்னுக்கு, அதால அங்க சனி பின்னேரம் எழுதினது இங்க ஞாயிறாத்தான் விழும். இதை முதலே எல்லாருக்கும் சொல்லி, கொழும்பு நேரம்தான் கணக்கு எண்டு முடிவு எடுத்து வச்சா பிறகு பேச்சு வராது.

"பதிவு முழுக்க இங்கிலீஷ் எழுத்தாக் குழம்பிக் கிடக்கு"

இது பெரும்பாலும் எங்கட மூத்த ஆக்களின்ட பதிவிலதான் வரும், அதிலதான் நல்ல விஷயங்களும் இருக்கும், அதால பொறுமையா செய்யோணும். அவை பாமினி ஃபொன்ட்டில டைப் பண்ணிப் பழகின ஆக்கள், வேர்ட்ல தமிழாத் தெரியும், ஆனா உள்ளுக்க கிடக்கிறது இங்கிலீஷ் எழுத்துத்தான், ஃபொன்ட் அதுக்கு மேல தமிழ் வடிவத்தைக் காட்டிக்கொண்டிருக்குது. பிளொக்கர்ல ஒட்டின உடன அந்த ஃபொன்ட் இல்லாமப் போகும், உள்ளுக்க இருந்தது வெளியில தெரியும். தமிழ் எண்ட சொல்லு ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன் எண்டு வந்து நிக்கும். இதைக் கண்டா பாமினி எண்டு உடனயே முடிவு எடுக்கலாம்.

பாமினியை, எந்த ஃபொன்ட்டிலயும் தமிழாவே தெரியுற யூனிகோடுக்கு மாத்திற கருவிகள் இணையத்தில இலவசமா இருக்கு. ஒரு பெட்டிக்குள்ள ஒட்டினா மற்றப் பெட்டிக்குள்ள யூனிகோடில வரும், அதைக் கொப்பி பண்ணி பதிவில போடுங்கோ. ஆனா மாத்தின உடன பப்ளிஷ் அமத்தாதேங்கோ. எழுதினவர் இடையில இங்கிலீஷ் சொல்லு போட்டிருந்தா கருவிக்கு அது இங்கிலீஷ் எண்டு தெரியாது, அதையும் சேர்த்து மாத்திப்போடும். மெயில் எண்டு இங்கிலீஷ்ல அடிச்சது "அயடை" எண்டு வந்து நிக்கும். புத்தகப் பேர், ஆசிரியர் பேர் இங்கிலீஷ்ல இருந்தா அதுவும் இப்பிடித்தான் போகும், வாசிக்கிற ஆளுக்கு அது என்ன எண்டு பிறகு கண்டுபிடிக்க வழியே இல்ல. அதால மூல வேர்ட் ஃபைலைப் பக்கத்தில திறந்து வச்சு ஒரு தரம் வரி வரியா ஒப்பிட்டு வாசியுங்கோ. மேற்கோள் குறி, அடைப்புக்குறி, "ஸ்ரீ" இதுகளையும் கவனியுங்கோ.

எல்லாம் முடிஞ்சா எழுதின ஆளுக்குக் காட்டாம போடாதேங்கோ. எழுபது எண்பது வயசில ஒருத்தர் இருந்து ஒரு கட்டுரை தட்டித் தாறார் எண்டா அதில ஒரு சொல்லுக்கூட எங்கட கையால பிழையாப் போகக்கூடாது.

யூனிகோடில இருந்தும் எழுத்து ஒரு பக்கம் பெருசு ஒரு பக்கம் சிறுசு, நிறம் வேற எண்டு வந்தா அது வேர்ட்ல இருந்து வடிவமும் சேர்ந்து வந்தது. ஒட்டேக்க கொன்ட்ரோல், ஷிஃப்ட், வீ மூண்டையும் சேர்த்து அமத்தினா வெறும் எழுத்து மட்டும் வரும்.

"வட்ஸ்அப்பில போட்ட லிங்க் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, எது எது எண்டு தெரியேல்ல"

தமிழ்த் தலைப்பை பிளொக்கர் லிங்குக்குள்ள எடுக்காது. அதால எல்லாத்துக்கும் பிளொக்-போஸ்ட் எண்டு போட்டு பின்னால ஒரு இலக்கத்தை ஒட்டிவிடும். பப்ளிஷ் பண்ண முதல் வலப்பக்கத்தில பெர்மலிங்க் (பதிவின்ட நிரந்தர லிங்க்) எண்டதைத் திறந்து கஸ்டம் எண்டதில இங்கிலீஷ் எழுத்தில சுருக்கமா ஒரு பேர் குடுங்கோ, இடைவெளிக்குப் பதிலா சின்னக் கோடு. போட்ட பிறகு மாத்தோணும் எண்டா பதிவைத் திரும்ப டிராஃப்ட் ஆக்கித்தான் மாத்தலாம், அப்ப பழைய லிங்க் செத்துப்போகும், ஏற்கனவே பகிர்ந்த லிங்க் எண்டா செட்டிங்ஸில எரர்ஸ் அண்ட் ரீடைரெக்ட்ஸ் எண்ட இடத்தில பழசை அமத்தினா புதுசுக்குப் போகிற மாதிரி வைக்கோணும்.

"கொமெண்ட் போட்டன், காணேல்ல" / "கொமெண்ட் போடவே விடுதில்ல"

ரெண்டும் வேற வேற நோய். போட்டது காணாமப் போனா முதல் மொடரேஷனைப் பாருங்கோ, அதாவது கொமெண்டை அட்மின் பாத்த பிறகுதான் வெளியில விடுற தெரிவு. செட்டிங்ஸில கொமெண்ட் பகுதியில எப்பவும், சிலவேளை, ஒருக்காலும் இல்ல எண்டு மூண்டு இருக்கும். சிலவேளை எண்டதில விட்டா 14 நாளுக்கு மேல பழசான பதிவுக்கு வாற கொமெண்ட் மட்டும் நிறுத்தி வைக்கப்படும், அதால தான் "போன மாசக் குறிப்புக்கு எழுதினது வரேல்ல, இந்த வாரத்துக்கு எழுதினது வந்திட்டுது" எண்டு குழப்பம் வாறது. இடப்பக்கப் பட்டியல்ல கொமெண்ட்ஸ் எண்டதைத் திறந்து, காத்திருக்கிறதையும் ஸ்பாம்ல விழுந்ததையும் ரெண்டையும் பாருங்கோ. தமிழ்ல எழுதின நல்ல கொமெண்டும் ஸ்பாமுக்குள்ள போய்க் கிடக்கிறது உண்டு. வந்தது தெரியோணும் எண்டா மெயில் பகுதியில கொமெண்ட் அறிவித்தலுக்கு 10 விலாசம் வரைக்கும் குடுக்கலாம், ரெண்டு அட்மினின்டயும் குடுத்து வையுங்கோ.

போடவே விடாட்டி, ஆர் கொமெண்ட் போடலாம் எண்ட தெரிவைப் பாருங்கோ. அங்கத்தவருக்கு மட்டும் எண்டு கிடந்தா வெளியாக்களுக்குக் கதவு பூட்டு. எங்கட ஜேர்னல்ல கூகிள் எக்கவுண்ட் இருக்கிற ஆக்கள் எண்டதில வச்சிருக்கிறம், பேரில்லாம எழுதிறதுக்குத் திறந்து விட்டா விளம்பரக் குப்பை வந்து குவியும்.

தெரிவு சரி, ஆளும் லொக் இன், எண்டாலும் பப்ளிஷ் அமத்தினா எழுதினது மறைஞ்சு போகுது, திரும்பத் திரும்ப லொக் இன் கேக்குது எண்டா அது பிரவுசர் மூண்டாம் ஆள் குக்கீயை (திறந்த தளம் இல்லாத இன்னொரு தளம் பிரவுசர்ல வைக்கிற சின்னக் குறிப்பை) தடுக்கிறதால வாறது, ஐபோன் வச்சிருக்கிற ஆக்களுக்கு இது கூட. ஒவ்வொருத்தற்ற போனையும் திருத்தப் போகாதேங்கோ, அட்மின் ஒருக்கா செட்டிங்ஸில கொமெண்ட் லொகேஷன் எண்டதை பதிவுக்குக் கீழ இருக்கிறதில இருந்து முழுப்பக்கம் இல்லாட்டி பொப்-அப் விண்டோவுக்கு மாத்தினா எல்லாருக்கும் சேர்த்துச் சரிவரும். பாக்க அவ்வளவு வடிவு இல்ல, ஆனா வேலை செய்யும்.

"ஒருத்தர் விலகிட்டார், இப்ப என்ன செய்யிறது"

பர்மிஷன்ஸில அவரை எடுத்துவிடுறது ஒரு நிமிஷம். அவர் எழுதின பதிவுகள் அப்பிடியே அவற்ற பேரோட நிக்கும், ஆளை எடுத்தா எழுத்துப் போகாது. எழுத்தும் வேண்டாம் எண்டு அவர் கேட்டா அட்மின் தனித்தனியா அழிக்கோணும், அழிச்சது குப்பைத்தொட்டிப் பகுதிக்குள்ள கொஞ்ச நாள் கிடக்கும். கேட்டா அழிச்சுக் குடுக்கிறதுதான் மரியாதை, அது அவற்ற எழுத்து.

கவனிக்காம விடுற ரெண்டு இடம் இருக்கு. ஒண்டு படங்கள். ஒருத்தர் பதிவில ஏத்தின படம் அவற்ற கூகிள் எக்கவுண்டோட சேர்ந்தது. விலகினதால படம் போகாது, ஆனா அவர் அந்த எக்கவுண்டையே மூடினாரோ, இல்லாட்டி தவறிப்போய் எக்கவுண்ட் பாவிப்பில்லாம கிடந்து அழிக்கப்பட்டுதோ, படம் இருந்த இடத்தில வெறும் பெட்டிதான் மிஞ்சக்கூடும். ஒருத்தர் விலகிறார் எண்டு தெரிஞ்ச உடன அவற்ற பதிவுப் படங்களை டவுன்லோட் பண்ணி அட்மின் எக்கவுண்டால திரும்ப ஏத்தி விடுங்கோ. வயசான ஆக்கள் ஸ்கேன் பண்ணிப் போட்ட பழைய கலியாணப் படம், கடைப் படம், எரிஞ்சு போன வீட்டின்ட படம் எல்லாம் வேற எங்கயும் இருக்காது, அதுகளை ஆள் விலகும் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காம இண்டைக்கே எடுத்து வையுங்கோ.

மற்றது, மெயிலால பதிவு போடுற வசதி. செட்டிங்ஸில மெயில் பகுதியில ஒரு இரகசியச் சொல்லு வச்சு விலாசம் ஒண்டு உண்டாக்கலாம், அதுக்கு மெயில் அனுப்பினா பதிவா வரும். கொம்பியூட்டர் பழக்கமில்லாத ஆக்களுக்கு இது நல்ல உதவி. ஆனா அந்த விலாசம் தெரிஞ்ச ஆரும் போடலாம், விலகின ஆளும் போடலாம். அதால ஆள் மாறேக்க அந்த இரகசியச் சொல்லையும் மாத்துங்கோ, நேர பப்ளிஷ் ஆகாம டிராஃப்ட்டா சேவ் ஆகிற தெரிவில வையுங்கோ. விலகினவர் கெட்டவர் எண்டில்ல, அவற்ற மெயில் வேற ஆற்றயோ கையில மாட்டினாலும் இதே கதைதான்.

"ஜேர்னலே காணேல்ல!"

முதல் திரும்பவும் அதே கேள்வி, எந்த ஜீமெயில். பத்துக்கு எட்டுத்தரம் ஜேர்னல் அங்கயே இருக்கும், பாக்கிற எக்கவுண்ட் மாறியிருக்கும். லொக் இன் இல்லாத ஒரு போன்ல லிங்கைத் திறந்து பாருங்கோ. அங்க தெரிஞ்சா பயப்பட ஒண்டுமில்ல.

உண்மையாவே அழிஞ்சிருந்தா அட்மின் ஆள் பிளொக்கருக்குள்ள போய் இடப்பக்கம் மேல இருக்கிற அந்தப் பேர்ப் பட்டியலைத் திறக்கோணும், அழிச்சது கீழ குப்பைப் பகுதியில நிக்கும், அழிச்சு 90 நாளுக்குள்ள எண்டா மீட்கலாம். நிரந்தரமா அழி எண்டு ஒரு பட்டனும் பக்கத்திலயே இருக்கும், பதட்டத்தில அதை அமத்தாதேங்கோ, அமத்தினா பிறகு மீட்க வழியில்ல. ஒரு ஆள் கோல்ல வாசிச்சுச் சொல்ல மற்ற ஆள் அமத்திறது நல்லம்.

இதுக்கு முதலே செய்து வைக்கவேண்டியது பக்அப். செட்டிங்ஸில மனேஜ் பிளொக் எண்ட பகுதியில பக் அப் கொன்டென்ட் எண்டு இருக்கு, அதால ஜேர்னலின்ட கொப்பியை ஃபைலா எடுக்கலாம், பதிவுகளும் கொமெண்டுகளும் அதுக்குள்ள இருக்கும், வேற புது ஜேர்னலுக்குள்ள அதை ஏத்தவும் ஏலும். படம் அதுக்குள்ள இல்ல, படத்தின்ட லிங்க் மட்டும்தான் இருக்கும், அதால படங்களுக்கு வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர் எண்டு தனியா சேர்த்து வையுங்கோ. எங்கட வட்டத்தில போயாக் கூட்டம் முடிஞ்சு குறிப்புப் போட்ட அண்டைக்கே ஒரு அட்மின் ஃபைலை இறக்கி, திகதியைப் பேரா வச்சு, மற்ற அட்மினுக்கும் ஒரு கொப்பி அனுப்பிவிடுவார். ஃபைல் இறங்கினா மட்டும் காணாது, திறந்து கடைசிப் பதிவு அதுக்குள்ள இருக்கா எண்டு பாத்திட்டுத்தான் பழசை அழிக்கோணும்.